பூச்சியின் நரம்பும் என் நரம்பும்

எங்கள் காரைக்கால் பக்கம் சம்பாவும் தாளடியும் அறுத்த கையோடு, தை மாசியில் பருத்தி ஊன்றுவது வழக்கம். அதிகாரிகள் நெல் தரிசுப் பருத்தி என்பார்கள். நாங்கள் வெறும் பருத்தி என்போம். சித்திரை வெயிலில் செடி இடுப்புயரம் நிற்கும்போதுதான் பூச்சியும் புழுவும் சேர்ந்து வரும். இருபத்தைந்து வருடத்துக்கு முன்னால் அப்படி ஒரு சித்திரையில், மோனோகுரோட்டோபாஸ் பத்து டேங்க் அடித்துவிட்டு வரப்பில் வந்து உட்கார்ந்தேன். வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருந்தது. கண்ணில் நீர் வடிந்தது. இமை தானாகத் துடித்தது. உச்சி வேளையிலேயே பொழுது சாய்ந்த மாதிரி வெளிச்சம் மங்கிப்போச்சு.

"வெயில் ஏறிடுச்சுப்பா, மோர் குடி" என்றார் பக்கத்து வயல்காரர். குடித்தேன், வாந்தி எடுத்தேன். மறுநாள் தெளிந்துவிட்டது. அதற்கு அடுத்த நாள் மீதி வயலுக்கும் அடித்தேன்.

அது வெயில் இல்லை என்று தெரிந்துகொள்ள எனக்குப் பல வருடம் ஆனது. உடம்புக்குள் சேதி எப்படிப் போகிறது என்பதை யாராவது அன்றைக்கே சொல்லியிருந்தால் அந்த டப்பாவை நான் திறந்திருக்க மாட்டேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் பொறுமையாகப் படிங்க.

நரம்பு செல்லின் உள்பக்கத்துக்கும் வெளிப்பக்கத்துக்கும் சுமார் 70 மில்லிவோல்ட் மின்னழுத்த வித்தியாசம் எப்போதும் இருக்கிறது. தூண்டினால் நரம்பின் சுவரில் உள்ள சிறு வாசல்கள் திறந்து, சோடியம் உள்ளே பாய்கிறது. நம் சாப்பாட்டு உப்பில் இருக்கிற அதே சோடியம்தான். அந்தப் பாய்ச்சல் பக்கத்து வாசலைத் திறக்கும், அது அடுத்ததை. இப்படியே சேதி ஓடும். காலில் முள் தைத்தால் முதலில் சுருக்கென்கிறது, கொஞ்சம் கழித்துத்தான் எரிச்சல் வருகிறது, இல்லையா? எரிச்சலைக் கொண்டுவரும் மெல்லிய நரம்பில் சேதி நொடிக்கு ஒரு மீட்டர் அளவில்தான் நடக்கும். காலைத் தூக்கச் சொல்லும் தடித்த நரம்பில் நொடிக்கு 50 மீட்டருக்கும் மேல் ஓடும்.

ஆனால் நரம்பு தசையைத் தொடுவதில்லை. நடுவில் ஓர் இடைவெளி இருக்கிறது, தலைமுடித் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுகூட வராது. மின்சாரம் அதைத் தாண்டாது. நரம்பின் நுனியிலிருந்து ஒரு ரசாயனம் சுரந்து, அந்த இடைவெளியைக் கடந்துபோய்த் தசையைத் தட்டுகிறது. 1921இல் ஓட்டோ லூவி என்பவர் இரண்டு தவளை இதயங்களை வைத்து இதைக் காட்டினார். ஒன்றின் நரம்பைத் தூண்டித் துடிப்பைக் குறைத்தார். அது கிடந்த திரவத்தை எடுத்து இரண்டாவது இதயத்தில் விட்டார். அதன் துடிப்பும் குறைந்தது. சேதி தண்ணீரிலேயே வந்துவிட்டது! 1936இல் அவருக்கும் ஹென்றி டேலுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அந்தத் தூதுவனின் பெயர் அசிட்டைல்கோலின்.

இனிமேல்தான் நமக்கு வேண்டிய விஷயம். தூதுவன் சேதி சொன்னதும் அவனை உடனே அப்புறப்படுத்தணும். கடைமடைக்காரர்களான நமக்கு இது நன்றாகவே புரியும். மதகைத் திறக்கத் தெரிந்தால் போதுமா? வயல் நிறைந்ததும் ஷட்டரை இறக்கத் தெரியணும். இல்லாவிட்டால் பயிர் அழுகிவிடும். உடம்பில் ஷட்டரை இறக்குகிற ஆள் கோலின் எஸ்டரேஸ் என்ற நொதி. அதன் ஒரே ஒரு மூலக்கூறு, நொடிக்கு ஆயிரக்கணக்கான அசிட்டைல்கோலினை உடைத்துத் தள்ளுகிறது.

மோனோகுரோட்டோபாஸ், புரோபனோபாஸ், குளோர்பைரிபாஸ், அசிபேட் போன்ற பாஸ்பரஸ் வகை நஞ்சுகள் செய்வது ஒரே வேலைதான். இந்த நொதியின் கையைக் கட்டிவிடும். ஷட்டர் இறங்காது. சேதி நிற்காமல் தட்டிக்கொண்டே இருக்கும். எச்சில், கண்ணீர், வியர்வை எல்லாம் பொங்கும். கண்மணி குண்டூசி முனையாகச் சுருங்கும். அன்றைக்கு எனக்கு வெளிச்சம் மங்கியது அதனால்தான். தசை துடிதுடித்துக் கடைசியில் களைத்துப்போகும். மூச்சுத் தசை களைத்தால் ஆள் போய்விடுவான்.

பூச்சிக்கும் இதே தூதுவன், இதே நொதி. அதனால்தான் பூச்சி சாகிறது. நம்மைக் காப்பாற்றுவதில் உடம்பின் பருமனுக்கும் நஞ்சின் அளவுக்கும் பெரிய பங்கு உண்டு. 1936இல் ஜெர்மனியில் ஷ்ரேடர் என்ற வேதியியலாளர் பூச்சிக்கொல்லி தேடப்போய்க் கண்டுபிடித்தது டாபுன், போர்க்களத்துக்கான நரம்பு நச்சு. அதே குடும்பத்துப் பிள்ளைக்குத்தான் நம் ஊர் கடையில் 'மருந்து' என்று பெயர். இந்த ஒரு சொல்லை மட்டுமாவது நாம் விட்டுத்தொலைக்கணும்.

2013இல் பீகாரில் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவில் மோனோகுரோட்டோபாஸ் கலந்துபோய் 23 குழந்தைகள் செத்தார்கள். 2017இல் மகாராஷ்டிரத்தின் யவத்மாலில் பருத்திக்குத் தெளித்தவர்கள் 20 பேருக்கு மேல் செத்தார்கள். தற்கொலைக்குக் குடித்தவர்கள் அல்ல அவர்கள், வேலை செய்தவர்கள். இலங்கை 1995இலேயே மோனோகுரோட்டோபாஸை நிறுத்திவிட்டது. இங்கே 2005இல் காய்கறிக்கு மட்டும் கூடாது என்றார்கள். 36 சதவீதக் கரைசலுக்கு 2023இல்தான் தடை ஆணை வந்தது, அதுவும் கையிருப்பைத் தீர்க்க அவகாசத்தோடு. குழந்தைகள் செத்துப் பத்து வருடம் கழித்து!

சில ஆண்டுகளுக்கு முன் தமிழ்நாடு ஆறு பூச்சிக்கொல்லிகளை 60 நாள் தடை செய்தது. 1968ஆம் ஆண்டுச் சட்டம் மாநிலத்துக்குக் கொடுத்திருக்கிற அதிகாரமே அவ்வளவுதான், போனால் இன்னும் 30 நாள் நீட்டலாம். அந்த ஆணையும் வாஞ்சூரோடு நின்றுவிடும். வடக்கே பூவம், மேற்கே அம்பகரத்தூர், எங்கே போனாலும் சில மைலில் எங்களுக்கு எல்லை. எதற்காக ஜனங்கள் இந்த எல்லையைத் தாண்டுகிறார்கள் என்று ஊருக்கே தெரியும். சென்னையில் ஆணை போடுகிற அன்றே புதுச்சேரியும் போடாவிட்டால் நஞ்சு டப்பாவும் அதே வழியில் நடக்கும். நரம்புக்கு யூனியன் பிரதேசம் ஏது?

நம் பக்கமும் ஒரு வார்த்தை சொல்லணும். வேம்பின் அசாடிராக்டின் பூச்சியின் பசியைக் கெடுத்து, தோலுரிப்பைக் குழப்புகிறது. நரம்பைத் தாக்குவது அதன் முக்கிய வேலை அல்ல. ஆனால் புகையிலைக் கரைசல் அப்படி இல்லை. அதில் உள்ள நிக்கோட்டின், அசிட்டைல்கோலின் தட்டுகிற அதே கதவைத் தட்டுவது, தோல் வழியாகவும் ஏறும். இயற்கை என்பதால் வெறுங்கையால் கலக்குகிற நண்பர்களைப் பார்க்கிறேன். வேண்டாம்.

என் வயலில் நஞ்சை நிறுத்திப் பதினெட்டு வருடம் ஆகிறது. அதில் பெருமைப்பட என்னால் முடியவில்லை. என்னிடம் களை எடுக்க வருகிற தம்பிதான் மறுநாள் பக்கத்து ஊர் பருத்திக்கு டேங்க் தூக்குகிறான். கூலி டேங்க் கணக்கு. எத்தனை டேங்க் கூடுதலோ அத்தனை காசு. டேங்க் கசிந்து முதுகு வழியாக இடுப்புத் துணி ஊறிவிடும். முன்கையைவிடத் தொடை இடுக்குத் தோல் இந்த நஞ்சைப் பல மடங்கு உறிஞ்சும் என்று அவனிடம் சொன்னேன். சிரித்தான். "வேற வேலை குடுண்ணே" என்றான். என் இரண்டு ஏக்கரில் வருடம் முழுக்கக் கொடுக்க வேலை இல்லை.

அவனுக்காக நாம் கேட்க வேண்டியது ஒரு ரத்தப் பரிசோதனை. கலிபோர்னியாவில் 1974 முதல் இது சட்டம். நஞ்சு கலக்குகிற, தெளிக்கிற ஆட்களின் கோலின் எஸ்டரேஸ் அளவை முதலில் எடுத்து வைக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் அளவு வேறுபடும், அதனால் அவரவர் ஆரம்ப அளவுதான் கணக்கு. சிவப்பணுவில் அது 70 சதவீதமாக இறங்கினால், தேறும் வரை அந்த வேலைக்கு விடக்கூடாது. எச்சில் ஊறிக் கண் மங்கும் முன்பே ரத்தம் சொல்லிவிடும்.

பருத்தி முதல் தெளிப்பு மாசி, பங்குனியில். அதற்கு முன் தை மாதத்திலேயே ஆரம்ப சுகாதார நிலையத்தில் தெளிப்பாளர்களுக்கு முதல் ரத்தம் எடுக்கணும், சித்திரையில் மறுபடி எடுக்கணும், நிறுத்தி வைக்கிற நாளுக்குக் கூலி கொடுக்கணும். அடுத்த குறைதீர் கூட்டத்தில் விலை, காப்பீடு, தூர்வாரல் மனுக்களோடு இதையும் வைக்கப்போகிறேன். நாகை, மயிலாடுதுறை நண்பர்களும் உங்கள் கூட்டத்தில் அதே வாரம் வையுங்கள். அதுவரை, தெளித்த ஆள் எச்சில் ஊறிக் கண் மங்குது என்றால் மோர் கொடுக்காதீங்க. துணியைக் கழற்றி, சோப்புப் போட்டுக் கழுவி, டப்பாவையும் கையில் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க. அட்ரோபின் ஊசி இருக்கிறது. நொதியின் கட்டை அவிழ்க்கும் பிரலிடாக்சிமும் இருக்கிறது, ஆனால் நேரம் போனால் அந்தக் கட்டு இறுகிவிடும்.