மிருதங்கத்தை அலுமாரிக்கு மேல் ஏற்றாதீர்கள்

வெள்ளவத்தையில் நான் குடியிருக்கும் தொடர்மாடியின் மூன்றாம் மாடியில் வசிக்கும் ஒரு தாயார், கடந்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். ஓய்வுபெற்ற ஆசிரியை. கணவர் காலமாகிவிட்டார். ஒரே மகன் வைத்தியர். அவசர மருத்துவத்துறையில் பட்டப்பின் பயிற்சி பெற்றுக்கொண்டிருப்பவர். தேநீர் குடித்து முடிக்கும்வரை ஊர்ப்புதினம் பேசிவிட்டு, பின்னர் வந்த காரியத்தைச் சொன்னார்.

“அண்ணை, நீங்கள் பேப்பரில எழுதுற ஆள். நீங்கள் சொன்னால் அவன் கேட்பான். எம்.டி. சோதினை வருது. டியூட்டி முடிஞ்சு வந்தால் புத்தகத்தை எடுக்கிறதை விட்டிட்டு மிருதங்கத்தோட இருக்கிறான். சோதினை முடியுமட்டும் அதைத் தூக்கி அலுமாரிக்கு மேல வைக்கச் சொல்லுங்கோ.”

கேட்டது சிறிய உதவிதான். “சரி, பார்ப்போம்” என்று சொல்லி அனுப்பினேன். ஆனால் அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. காரணம், முப்பது ஆண்டுகளுக்கு முன்னர் நான் எழுதிய ஒரு குறிப்பு.

1996 ஜனவரி 31 ஆம் திகதி கொழும்பு மத்திய வங்கிக் கட்டடத்தின்மீது நடத்தப்பட்ட குண்டுத் தாக்குதலில் தொண்ணூறு பேர்வரை கொல்லப்பட்டார்கள். காயமடைந்தவர்களின் தொகை ஏறத்தாழ 1,400. அப்போது நான் இருபதுகளில் இருந்த செய்தியாளன். ஒரு பெரிய அரசாங்க வைத்தியசாலையின் வாசலில் நின்று, கொண்டுவரப்படுவோரின் பெயர்களைக் குறித்துக்கொள்ளும் பணி எனக்குத் தரப்பட்டிருந்தது. பொழுது சாய்ந்த நேரத்தில், பின்பக்கப் படிக்கட்டில் ஓர் இளம் வைத்தியர் இரத்தக்கறை படிந்த மேலங்கியுடன் அமர்ந்திருந்தார். கையில் இருந்த தீப்பெட்டியில் தாளம் தட்டியபடி, ஒரு பழைய சிங்களப் பாடலை முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

எனக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது. உள்ளே மனிதர்கள் செத்துக்கொண்டிருக்க, இவருக்குப் பாட்டுக் கேட்கிறதா? அலுவலகம் திரும்பியதும், பெயர் ஏதும் குறிப்பிடாமல், மனச்சாட்சியற்ற வைத்தியர்களைப் பற்றிச் சூடாக ஒரு பெட்டிச் செய்தி எழுதினேன். அது பிரசுரமானது, சக பத்திரிகையாளர்கள் பாராட்டினார்கள். அந்த வைத்தியர் எத்தனை மணிநேரமாக நின்றுகொண்டிருந்தார், எத்தனை பேரைக் காப்பாற்றினார், எத்தனை பேரைக் கையில் ஏந்தி இழந்தார் என்று ஒரு கேள்விகூட நான் கேட்கவில்லை. கேள்வி கேட்பதுதான் என் தொழில் என்பதை நினைக்கும்போது, இன்றும் வெட்கமாக இருக்கிறது.

அவசர மருத்துவம் என்பது உலகிலேயே ஓரளவு புதிய துறைதான். அமெரிக்காவில் அது தனியொரு சிறப்புத்துறையாக அங்கீகாரம் பெற்றது 1979 இல். இலங்கையில், கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகம் இத்துறையில் எம்.டி. பயிற்சியைத் தொடங்கியது 2010களில்தான். 2016 இல் இந்திய நன்கொடையுடன் மேல், தென் மாகாணங்களில் ஆரம்பமாகி, பின்னர் நாடெங்கும் விரிந்த 1990 ‘சுவசெரிய’ நோயாளர் காவு வண்டிச் சேவையை இன்று எல்லோரும் அறிவோம். அந்த வண்டி நோயாளியைக் கொண்டுவந்து இறக்கும் வாசலில் காத்திருப்பவர்கள் இந்த இளம் வைத்தியர்கள். வருவது மாரடைப்பா, பாம்புக்கடியா, நஞ்சருந்திய பிள்ளையா என்பது கதவு திறக்கும்வரை அவர்களுக்குத் தெரியாது.

மறுவாரம் அந்தத் தம்பியை மரைன் டிரைவ் பக்கம் நடக்க அழைத்துச் சென்றேன். ரயில் பாதையைக் கடந்து கல்லணையில் அமர்ந்தோம். தாயார் சொன்னதை மறைக்காமல் சொன்னேன். அவர் சிரித்தார். கொஞ்ச நேரம் கடலைப் பார்த்துவிட்டுப் பேசினார்.

“அங்கிள், வார்ட்டில வேலை செய்யிற டொக்டருக்குத் தன்ர நோயாளி சுகமாகி வீட்டுக்குப் போறது தெரியும். எங்களுக்கு அது தெரியாது. நாங்கள் மூச்சைப் பிடிச்சு வைச்சு மேல அனுப்புவம். பிறகு அந்த ஆள் இருக்கிறாரா இல்லையா எண்டு விசாரிக்க நேரம் இராது. அடுத்த ஆள் வந்திடும். ஒரு நாளில முப்பது கதை தொடங்கும். ஒண்டும் முடியாது. மிருதங்கத்தில எந்தத் தாளமெண்டாலும் தீர்மானம் வைச்சுச் சமத்துக்கு வந்து முடிக்கலாம். நாளுக்கு அரை மணித்தியாலமாவது ஏதோ ஒண்டை முடிச்சுப் பார்க்க வேணும் போல இருக்கு.”

இதற்கு நான் என்ன புத்திமதி சொல்வது? அவர் பொழுதுபோக்குக்காக வாசிக்கவில்லை. நாள் முழுவதும் அறுந்து அறுந்து போகும் மனத்தை எங்கோ ஓரிடத்தில் முடிந்து வைத்துவிட்டு, அடுத்த நாள் வேலைக்குப் போகிறார். 1996 இல் படிக்கட்டில் அமர்ந்திருந்தவர் தீப்பெட்டியில் தட்டியதும் இதையேதான் என்று இப்போது நினைக்கிறேன். எனக்கு அது விளங்க முப்பது ஆண்டுகள் சென்றிருக்கின்றன.

வைத்தியர் என்றால் மருத்துவம் தவிர வேறொன்றும் அறியாதவராக இருக்கவேண்டும் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. எங்கள் சரித்திரம் அப்படிச் சொல்லவில்லை. 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் நோயாளரைப் பார்த்த நேரம் போக, தமிழ் கற்று, மேலைநாட்டு மருத்துவ நூல்களைத் தமிழில் பெயர்த்து, தமிழிலேயே வைத்தியர்களைப் பயிற்றுவித்தார். கொழும்புப் பொது வைத்தியசாலையில் சத்திரசிகிச்சை நிபுணராக விளங்கிய ஆர். எல். ஸ்பிற்றல், ஓய்வு கிடைத்தபோதெல்லாம் காடேகி, வேடர்களுடன் பழகி, அவர்களைப் பற்றி நூல்கள் எழுதினார். ‘வைல்ட் சிலோன்’ வெளிவந்தது 1924 இல். சமுதாய மருத்துவப் பேராசிரியர் சிவஞானசுந்தரத்தை ‘நந்தி’ என்ற புனைபெயரில் அறிந்த வாசகர்களே அதிகம். மலையகத் தோட்டத் தொழிலாளரின் வாழ்வை ‘மலைக்கொழுந்து’ நாவலாக்கியவர் அவர். ‘குருதிமலை’ எழுதிய தி. ஞானசேகரனும் வைத்தியரே. 2000 ஆம் ஆண்டில் ‘ஞானம்’ சஞ்சிகையை ஆரம்பித்தவரும் அவரே.

இவர்களெல்லாம் அவசர சிகிச்சைப் பிரிவில் நின்றவர்கள் அல்லர் என்று சிலர் கூறலாம். அப்படியானால் கனடாவைப் பாருங்கள். வின்சென்ற் லாம் ரொறன்ரோவில் அவசர சிகிச்சை வைத்தியராகப் பணியாற்றியவர். மருத்துவ மாணவர்களையும் இளம் வைத்தியர்களையும் பற்றி அவர் எழுதிய சிறுகதைத் தொகுதிக்கு 2006 இல் அந்நாட்டின் உயர்ந்த இலக்கிய விருதுகளில் ஒன்றான கில்லர் பரிசு கிடைத்தது. ஸ்காபரோவில் இருக்கும் எங்கள் வாசகர்கள் இதை அறிந்திருப்பார்கள்.

வெளியே ஓர் ஈடுபாடு இருந்தால் அதனால் நோயாளிக்கு என்ன இலாபம் என்று கேட்பவர்களுக்காகக் கொட்டாஞ்சேனையில் நான் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். 2019 ஏப்ரல் 21 ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறு காலையில், கொச்சிக்கடை அந்தோனியார் தேவாலயத்தில் குண்டு வெடித்தபோது, அயலில் இருந்த பலர் ஓடி வந்தார்கள். காயம்பட்டவர்களைக் கைகளில் தூக்கினார்கள். முச்சக்கர வண்டிகளில் ஏற்றினார்கள். மனம் இருந்தது. ஆனால் பெருகும் இரத்தத்தை எங்கே, எப்படி அழுத்திப் பிடிப்பது என்பது பெரும்பாலானோருக்குத் தெரிந்திருக்கவில்லை. அந்தப் பகுதியில் பிறந்து வளர்ந்து, இப்போது அதே துறையில் பயிற்சி பெறும் ஒரு வைத்தியப் பிள்ளை, விடுமுறை கிடைக்கும் ஞாயிறுகளில் சிறிய மண்டபமொன்றில் அயலவர்களுக்கு முதலுதவி சொல்லிக்கொடுக்கிறார். துறைமுகத் தொழிலாளர், முச்சக்கர வண்டிச் சாரதிகள், பாடசாலைப் பிள்ளைகள் எல்லோரும் வருகிறார்கள். தலையணையை நெஞ்சாகப் பாவித்து அழுத்திப் பழகுகிறார்கள்.

அவர் என்னிடம் சொன்னார்: “நான் அவையளுக்குப் படிப்பிக்கிறன் எண்டு நினைக்கிறினம். உண்மையில அவையள்தான் எனக்குப் படிப்பிக்கினம். ‘நெஞ்சு கரிக்குது’ எண்டு ஒரு ஐயா சொன்னால், அது வாய்வா, இருதயமா எண்டு புத்தகத்தில இல்லை. அவர் எப்ப, எந்த முகத்தோட அப்படிச் சொல்லுவார் எண்டு இஞ்ச இருந்துதான் பழகினன்.” நோயாளியின் மொழியை வாசலிலே ஐந்து நிமிடத்தில் விளங்கிக்கொள்ளவேண்டிய துறை இது. அந்த மொழியை வைத்தியசாலைக்கு வெளியே வாழ்ந்துதான் கற்கவேண்டியிருக்கிறது.

மறுபக்கத்தையும் நேர்மையாகச் சொல்லிவிடவேண்டும். பரீட்சை கடினமானது. தவறினால் ஆண்டுகள் வீணாகும். அந்தத் தாயாரின் அச்சம் நியாயமற்றது அன்று. 2022 இன் பொருளாதார நெருக்கடியை அடுத்துப் பெருந்தொகையான வைத்தியர்கள் நாட்டைவிட்டுப் போனார்கள்; எஞ்சியவர்களின் தோளில் சுமை கூடியது. இந்த நிலையில் பாட்டும் கூத்தும் தேவையா என்று கேட்பவர் மூடரல்லர்.

மிருதங்கம் தூக்கத்துக்கு ஈடாகாது என்பதும் உண்மை. 1984 இல் நியூயோர்க் வைத்தியசாலை ஒன்றில் லிபி சையன் என்ற பதினெட்டு வயது மாணவி உயிரிழந்தார். அவரைப் பார்த்த பயிற்சி வைத்தியர்கள் நீண்ட நேரமாக ஓய்வின்றிப் பணியாற்றியவர்கள் என்பது பெரும் விவாதமாயிற்று. அதன் விளைவாக 1989 இல் அந்த மாநிலம், பயிற்சி வைத்தியர்களின் வேலை நேரத்தை வாரத்துக்கு 80 மணித்தியாலங்களாக மட்டுப்படுத்தியது. 2003 இல் அந்த வரம்பு அமெரிக்கா முழுவதற்கும் வந்தது. எண்பது மணித்தியாலம் என்பதே எங்களுக்கு மலைப்பாக இருக்கிறது. அதற்கும் ஓர் உயிர் விலையாகவேண்டியிருந்தது. ஆகவே, களைத்துப்போன வைத்தியரிடம் “ஏதாவது கலையில் ஈடுபடுங்கள், மனம் இலேசாகும்” என்று சொல்லிவிட்டு, வேலைப் பட்டியலைத் திருத்தாமல் விடும் நிர்வாகங்களுக்கு என் கட்டுரை துணைபோகக்கூடாது. முதலில் நேரத்தைக் கொடுங்கள். அந்த நேரத்தில் அவர் மிருதங்கம் வாசிப்பாரா, கிரிக்கெட் விளையாடுவாரா, சும்மா படுத்திருப்பாரா என்பது அவர் பாடு.

என் ஆதங்கம் வைத்தியசாலை நிர்வாகங்களைவிட எங்கள் வீடுகளைப் பற்றியது. ஐந்து வயதில் பிள்ளையைச் சங்கீத வகுப்பில் சேர்க்கிறோம். வட இலங்கை சங்கீத சபையின் பரீட்சைகளுக்குத் தரம் தரமாக அனுப்புகிறோம். மண்டபம் எடுத்து அரங்கேற்றம் செய்கிறோம்; புகைப்படம் எடுத்துச் சுவரில் மாட்டுகிறோம். உயர்தர வகுப்பு வந்ததும் “இனிக் காணும், படிப்பைப் பார்” என்று வாத்தியத்தை உறையில் போட்டுக் கட்டுகிறோம். சான்றிதழ் கிடைத்துவிட்டது, இனி அந்தக் கலையால் எமக்கு என்ன வேலை? கொழும்பில் மட்டுமன்றி இலண்டனிலும் சிட்னியிலும் இதே கதைதான் என்று நண்பர்கள் எழுதுகிறார்கள். பிள்ளை அந்தக் கலையை உண்மையாகவே தேடும் வயதில், வாழ்க்கை அவரை நெருக்கும் வேளையில், அது அவர் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது.

அந்தத் தாயாரிடம் நான் போய்ச் சொன்னது இதுதான். “தங்கச்சி, மிருதங்கத்தை எடுக்கச் சொல்லி நான் சொல்லமாட்டன். அவனுக்கு நேரம் மிச்சம் பிடிச்சுக் குடுக்க வேணுமெண்டால் ஒரு வழி இருக்கு. இரவு டியூட்டி முடிஞ்சு வாற காலையில அவன்ர போனை நீங்கள் வாங்கி வையுங்கோ.”

அவர் சிரித்துவிட்டார். அவருக்கு விளங்கியது. உங்களுக்கும் விளங்கும் என்று நம்புகிறேன். ரொறன்ரோவில் இருக்கும் மாமாவின் இரத்தப் பரிசோதனை அறிக்கை, பரிசில் இருக்கும் சின்னம்மாவின் முழங்கால் எக்ஸ்ரே, மெல்பேண் மச்சானின் கொலஸ்ரரோல் கணக்கு எல்லாம் வாட்ஸ்அப்பில் வந்து குவிவது அந்தப் பிள்ளையின் கைத்தொலைபேசியில்தான். பதில் தாமதமானால் கோபம் வேறு. இந்தப் பத்தியை வாசிக்கும் உறவுகள் தங்கள் ஊரிலுள்ள குடும்ப வைத்தியரை நாடினால், வெள்ளவத்தையில் ஒரு வைத்தியருக்கு வாரத்தில் இரண்டு மணித்தியாலம் மிச்சமாகும். படிப்புக்கும் காணும், மிருதங்கத்துக்கும் காணும்.

நேற்றிரவு பத்து மணிக்கு முன்னர் மூன்றாம் மாடியில் சத்தம் கேட்டது. கீழ்மாடிக்காரருக்கு இடைஞ்சல் வராதபடி ஒரு துவாயைப் போட்டு மெதுவாகத்தான் வாசித்தார். ஆதி தாளம். அரை மணித்தியாலத்தில் தீர்மானம் வைத்து முடித்தார். பிறகு விளக்கு எரிந்துகொண்டிருந்தது, படித்திருப்பார்.

1996 இல் அந்தப் படிக்கட்டில் இருந்த வைத்தியரின் பெயர் எனக்குத் தெரியாது. இப்போது அவர் ஓய்வுபெறும் வயதை நெருங்கியிருப்பார். தமிழ் வாசிக்கத் தெரிந்தவராக இருக்கவும் வாய்ப்பில்லை. ஆனாலும் அன்று பத்திரிகையில் எழுதியதை இன்று இங்கே திருத்தி எழுதிவைப்பது என் கடமை. ஐயா, அன்று நீங்கள் பாடியதில் பிழை எதுவும் இல்லை.