நாய் குட்டி ஈனும் நாள்: நாள்காட்டியை நம்பலாமா?



மொழி, கற்பித்தல், பள்ளி என்று எழுதிவரும் இந்தப் பக்கத்தில் இன்று ஒரு நாயைப் பற்றி எழுதுகிறேன். "டீச்சருக்கு எழுத வேறு பொருள் கிடைக்கவில்லையா?" என்று சிலர் எண்ணக்கூடும். ஓர் உயிர் பட்ட பாடும் எழுதத்தக்க பொருள்தான். அந்தப் பாட்டிற்கு நான் போட்ட கணக்கே காரணமாகிவிட்டதால், இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

எங்கள் வீட்டு நாயின் பெயர் செம்பி. தாமான் ஓரத்தில் மழையில் நனைந்துகொண்டிருந்த குட்டியை என் மகன் தூக்கி வந்தான். நாளை, அடுத்த விடுமுறை என்று கருத்தடையை நான் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். 2023-ஆம் ஆண்டு மே மாதம் 12-ஆம் நாள், வெளிக்கதவு திறந்திருந்த வேளையில், செம்பி தெருநாய் ஒன்றோடு இணைந்திருந்ததைக் கண்டேன். நாயின் சினைக்காலம் 63 நாள் என்று எங்கோ படித்த நினைவு. விரல்விட்டு எண்ணினேன். ஜூலை 14 என்று வந்தது.

என் மூன்றாம் ஆண்டு மாணவர்களிடம் இதைச் சொன்னதும் வகுப்பே துள்ளியது. வகுப்பறை நாள்காட்டியில் ஜூலை 14-ஐச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டார்கள். நானும் பெருமையோடு பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 8, சனிக்கிழமை. காலையில் செம்பி உணவைத் தொடவில்லை. வாசலுக்கும் கொல்லைக்குமாக நடந்தாள். பழைய துணிகளை இழுத்துப்போட்டுக் கால்களால் பறித்தாள். நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்தாள். "நாள் இன்னும் ஆறு இருக்கிறதே, வயிற்றுக் கோளாறாக இருக்கும்" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பள்ளியில் நடந்த பெற்றோர் சந்திப்புக்குப் புறப்பட்டுவிட்டேன்.

இரவில் அவள் படுத்திருந்த துணியில் கரும்பச்சை நிறத்தில் ஏதோ கசிந்திருந்தது. குட்டி எதுவும் இல்லை. பக்கத்து வீட்டுப் பாட்டியை அழைத்தேன். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். எத்தனையோ நாய்களைக் கண்டவர். "நாய்க்கு யாரும்மா பிரசவம் பார்த்தா? விடிஞ்சா தானா போட்டிருக்கும், போய்ப் படு" என்றார். அவர் அன்போடுதான் சொன்னார். எனக்கும் அதை நம்புவது வசதியாக இருந்தது. படுத்துவிட்டேன்.

விடிந்தது. குட்டி வரவில்லை. செம்பி எழுந்திருக்க வலுவின்றிக் கிடந்தாள். மகிழுந்தில் கிடத்தி மருத்துவரிடம் கொண்டு போனோம். முதல் குட்டி குறுக்காகக் கிடந்து வழியை அடைத்திருந்தது. அறுவை செய்து ஐந்து குட்டிகளை எடுத்தார்கள். இரண்டே உயிரோடிருந்தன. மற்ற மூன்றும் குறைமாதக் குட்டிகள் அல்ல. முடியும் நகமும் நிறைந்து முழுமையாக வளர்ந்தவை. "நேற்று இரவே வந்திருக்கலாமே" என்றார் மருத்துவர். அவர் கடிந்துகொள்ளவில்லை. ஆனாலும் அந்தச் சொல் இன்றும் என் காதில் இருக்கிறது.

கணக்கு எங்கே தவறியது?

63 நாள் என்பது பொய்யல்ல. ஆனால், அந்த எண்ணிக்கை தொடங்கும் நாள் நாம் கண்ணால் பார்க்கும் நாள் அல்ல. சினைமுட்டை வெளிப்படும் நாளிலிருந்து எண்ணினால்தான் ஏறக்குறைய 63 வரும். அந்த நாளை இரத்தச் சோதனையின்வழி அறியலாமே தவிர, வெறும் கண்ணுக்குத் தெரியாது.

பெண் நாய் பருவக் காலத்தில் பல நாள்கள் ஆண் நாயை ஏற்கும். ஆண் நாயின் விந்தணுக்கள் பெண் நாயின் உடலுக்குள் ஏறக்குறைய ஒரு வாரம்வரை உயிரோடிருக்க வல்லவை. முட்டைகளும் வெளிப்பட்டவுடன் கருத்தரிக்கும் நிலையில் இருப்பதில்லை. முதிர்வதற்கு இரண்டு மூன்று நாள்கள் பிடிக்கும். ஆகவே, இணைசேர்ந்த நாளிலிருந்து எண்ணினால் 57-ஆம் நாளிலும் குட்டிகள் பிறக்கலாம்; 72-ஆம் நாளிலும் பிறக்கலாம். இரண்டுமே இயல்பானவையாக இருக்கக்கூடும். நான் கண்டது முதல் சேர்க்கையா, கடைசிச் சேர்க்கையா என்பதே எனக்குத் தெரியாது. தெரியாத ஒன்றின்மேல் ஒரு நாளைக் கட்டி, அதைச் சிவப்பு வட்டமும் போட்டுவிட்டேன்.

தெருவிலிருந்து எடுத்து வளர்க்கும் நாய்களுக்கு இணைசேர்ந்த நாளே தெரிவதில்லை. சில வேளைகளில் சினையே இல்லாமல் வயிறு பருத்துப் பாலும் சுரக்கும் பொய்ச்சினையும் உண்டு. இதற்குத்தான் மருத்துவர் தேவை. ஏறக்குறைய 25 நாளுக்குப் பிறகு ஸ்கேன் மூலம் சினையை உறுதிசெய்யலாம். 55-ஆம் நாளுக்குப் பிறகு எடுக்கும் எக்ஸ்ரேயில் குட்டிகளின் எலும்புகள் தெளிவாகத் தெரியும். எத்தனை குட்டி என்று எண்ணிவிடலாம். எத்தனை என்று தெரிந்தால்தானே, எல்லாம் பிறந்துவிட்டனவா என்றும் தெரியும்?

நாயே சொல்லும்

நாள்காட்டி சொல்லாததை நாயின் உடல் சொல்கிறது. கடைசி வாரத்தில் நாளுக்கு இருமுறையாவது வெப்பமானியைக் கொண்டு ஆசனவாய் வழியே உடல் வெப்பத்தை அளக்க வேண்டும். நாயின் இயல்பான வெப்பம் ஏறக்குறைய 38 முதல் 39 பாகை செல்சியஸ். ஈனுவதற்கு முன் அது ஒரு பாகை அளவுக்குக் குறைந்து, பெரும்பாலும் 37.2-க்கும் கீழே இறங்கும். சினையைத் தாங்கிநின்ற சுரப்புநீர் குறைவதே இதற்குக் காரணம். இறங்கியதிலிருந்து 24 மணி நேரத்திற்குள் பெரும்பாலும் பிரசவ வலி தொடங்கிவிடும். இந்த இறக்கம் சில மணி நேரமே நீடிப்பதால், நாளுக்கு ஒரு முறை மட்டும் அளப்பவர்கள் அதைத் தவறவிடக்கூடும்.

உணவை மறுத்தல், அமைதியின்மை, நடுக்கம், மூச்சிரைப்பு, துணியையும் மண்ணையும் பறித்தல், சில வேளைகளில் வாந்தி ஆகியவை முதல் கட்டத்தின் அடையாளங்கள். இந்தக் கட்டம் பொதுவாக 6 முதல் 12 மணி நேரம் நீடிக்கும். முதன்முறை ஈனும் நாய்க்கு 24 மணி நேரத்திற்கும் மேல் ஆகலாம். பால் சுரப்பதை மட்டும் வைத்து நாளைக் கணிக்க வேண்டா. சில நாய்களுக்கு ஒரு வாரம் முன்பே சுரக்கும். சிலவற்றிற்கு ஈன்ற பிறகே சுரக்கும்.

செம்பி அன்று காலையில் இவற்றில் பெரும்பாலானவற்றைச் செய்தாள். நான்தான் படிக்கவில்லை.

எப்போது காத்திருக்கக் கூடாது?

பாட்டி சொன்னதில் பாதி உண்மை உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. பெரும்பாலான நாய்கள் மனிதர் கை படாமலே குட்டி போடுகின்றன. ஐந்து நிமிடத்திற்கு ஒருமுறை விளக்கைப் போட்டுப் பார்ப்பதும், அக்கம்பக்கத்தாரைக் கூட்டி வேடிக்கை காட்டுவதும், குட்டியைப் பிடித்து இழுப்பதும் தாய்க்குத் தீங்கே தரும். யாரோ சொன்னார்கள் என்று வலியூக்கி ஊசி போடுவது அதைவிடப் பெருந்தீங்கு. வழி அடைபட்டிருக்கும்போது அந்த ஊசி கருப்பையையே கிழித்துவிடக்கூடும். எனவே, எட்டி நின்று பார்ப்பதே முறை. ஆனால், பார்ப்பவருக்கு எல்லை எது என்று தெரிந்திருக்க வேண்டும். கீழ்க்காண்பவற்றுள் ஒன்றைக் கண்டாலும் உடனே மருத்துவரை நாடுங்கள்:

1. முதல் குட்டி பிறப்பதற்கு முன்பே கரும்பச்சை நீர் கசிதல். நச்சுக்கொடி பிரியத் தொடங்கிவிட்டது என்பதன் அடையாளம் அது. (முதல் குட்டி பிறந்த பின் அந்நிறம் காண்பது இயல்பு.)

2. இடைவிடாமல் வலுவாக 20 முதல் 30 நிமிடம் முக்கியும் குட்டி வராமை.

3. விட்டுவிட்டு மெல்ல முக்கியவாறு இரண்டு மணி நேரம் கடந்தும் குட்டி வராமை.

4. உள்ளே இன்னும் குட்டி இருப்பது தெரிந்தும், ஒரு குட்டிக்குப் பின் இரண்டு மணி நேரத்திற்கும் மேலாக அடுத்தது வராமை.

5. உடல் வெப்பம் இறங்கி 24 மணி நேரம் ஆகியும் வலி தொடங்காமை.

6. இணைசேர்ந்த நாளிலிருந்து 70 நாள் கடந்துவிடுதல்.

7. தாய் மிகவும் சோர்ந்து விழுதல், விறைப்போடு நடுங்குதல், மிகுதியாகக் குருதி போதல்.

இவற்றோடு இன்னொன்றும் சொல்வேன். இரவில் திறந்திருக்கும் விலங்கு மருத்துவமனை எது, அதன் தொலைபேசி எண் என்ன, யாருடைய வண்டியில் போவது என்பவற்றை 55-ஆம் நாளுக்குள் முடிவுசெய்துவிடுங்கள். நள்ளிரவில் நாயை ஏற்றிக்கொள்ள எல்லா ஓட்டுநரும் இசைய மாட்டார்கள்.

"நாய்தானே" என்ற சொல்

என் கருத்தை வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். செம்பியின் மூன்று குட்டிகளைக் கொன்றவை இரண்டு. ஒன்று, நாள் குறித்துவிட்டோம் என்ற என் மிதப்பு. மற்றொன்று, "நாய்தானே, தானாகப் போடும்" என்ற நம் எல்லாருடைய பழக்கம். ஒன்று அளவுக்கு மீறிய உறுதி; மற்றொன்று அக்கறையின்மை. இரண்டும் ஒரே இடத்தில்தான் கொண்டுபோய் விடுகின்றன. இரண்டிலும் நாம் நாயைப் பார்ப்பதில்லை.

நம் நாட்டில் 2015-ஆம் ஆண்டின் விலங்குநலச் சட்டம் இருக்கிறது. வலி, துன்பம், நோய் ஆகியவற்றிலிருந்து விலங்கைக் காப்பது வளர்ப்பவரின் கடமை என்கிறது அச்சட்டம். சட்டத்திற்கு அஞ்சித்தான் கடமையைச் செய்ய வேண்டுமா? நம் கதவுக்குள் சேர்த்துக்கொண்ட உயிர் வேறு யாரிடம் போய் முறையிடும்?

"செலவாகுமே" என்பார்கள். உண்மைதான். ஆனால், அந்த ஞாயிற்றுக்கிழமை அறுவைக்கு நான் கட்டிய தொகையில் ஸ்கேன், எக்ஸ்ரே இரண்டையும் எடுத்துவிட்டுக் கருத்தடையும் செய்து முடித்திருக்கலாம். குட்டிகளை வளர்க்கவோ, நல்ல வீடுகளில் சேர்க்கவோ வழியில்லாதவர்கள், முன்பே கருத்தடை செய்துவிடுவதே அறம். நான் தள்ளிப்போட்ட அந்த ஒரு வேலையில்தான் எல்லாம் தொடங்கியது.

திங்கட்கிழமை வகுப்பிற்குள் நுழைந்தபோது நாள்காட்டியில் சிவப்பு வட்டம் அப்படியே இருந்தது. நடந்ததை மறைக்காமல் சொன்னேன். வகுப்பு அமைதியாகிவிட்டது. கடைசி வரிசையில் அதிகம் பேசாத ஒரு மாணவி மெல்லக் கேட்டாள்: "வலிக்குதுன்னு செம்பி உங்ககிட்ட சொல்லலையா, டீச்சர்?"

"சொன்னாள். எனக்குத்தான் கேட்கவில்லை" என்றேன்.

பிழைத்த இரண்டு குட்டிகளில் ஒன்று சக ஆசிரியர் வீட்டில் வளர்கிறது. மற்றொன்று எங்களோடு இருக்கிறது. செம்பிக்கும் அந்தக் குட்டிக்கும் கருத்தடை செய்தாயிற்று. உங்கள் வீட்டிலோ தெருவிலோ சினை நாய் ஒன்று இருந்தால், நாளைக் குறித்துக்கொள்ளுங்கள், தவறில்லை. ஆனால், குறித்த நாளைவிட நாயை அதிகம் பாருங்கள். இதைப் படித்து ஒரே ஒரு வீட்டில் ஒரே ஒரு குட்டி பிழைத்தாலும், நான் எழுதியது வீண் போகவில்லை என்று எண்ணிக்கொள்வேன்.