கட்டளை தேடும் வழி

கணினித் துறையிற் புகும் மாணாக்கர் பலரை முதற்படியிலேயே மயங்கவைக்கும் வாசகம் ஒன்றுண்டு. லினக்ஸ் கணினியில் நிரல் எழுதுதற்குரிய கருவியொன்றை வரவழைத்து நிறுவுகின்றனர். நிறுவல் இனிது நிறைவேறிற்று என்னும் செய்தியும் வருகின்றது. உடனே அக்கருவியின் பெயரைத் தட்டச்சிட, 'கமாண்ட் நொட் பவுண்ட்' என்று விடை வந்து நிற்கின்றது. மறுமுறையும் நிறுவுகின்றனர், மீண்டும் அதே விடை. சலிப்புற்ற சிலர் கணினியிலுள்ள அனைத்தையும் அழித்துப் புதிதாய் அமைக்கத் துணிகின்றனர். வேறு சிலரோ, இத்துறை நமக்கு வாய்ப்பதன்று என ஒதுங்கிவிடுகின்றனர். இப்பின்னவர் நிலையே நமக்குப் பெரிதும் வருத்தந் தருவது. அவர் அறிவிற் குறைந்தோர் அல்லர். 'காணவில்லை' என்று கணினி சொன்னதை 'இல்லை' என்று சொன்னதாகக் கொண்டார், அவ்வளவே. காணாமை வேறு, இன்மை வேறு என்பது அளவை நூலின் பாலபாடம் அன்றோ!

எங்கே தேடிக் காணவில்லை என்பதே கேட்கவேண்டிய கேள்வி. நாம் தட்டச்சிடும் கட்டளையை வாங்கி ஏவும் நிரலுக்கு ஷெல் என்று பெயர். அதனைக் கந்தோர்ப் பியோன் ஒருவனுக்கு ஒப்பிடலாம். இன்ன இன்ன அலுமாரிகளை இன்ன முறைப்படி திறந்து பார் என்று அவன் கையிலே ஒரு பட்டியல் கொடுக்கப்பட்டுள்ளது. பட்டியலில் இல்லாத அலுமாரி அவன் முன்னே நின்றாலும் அதனைத் திறவான். இப்பட்டியலே 'பாத்' எனப்படுவது. ஆங்கிலப் பெரிய எழுத்துகள் நான்கால் எழுதப்படும். முன்னர் கென் தொம்சன் இயற்றிய ஷெல்லிலே தேடும் இடங்கள் நிரலுக்குள்ளேயே வரையறுக்கப்பட்டிருந்தன. 1979 இல் பெல் ஆய்வுகூடத்திலிருந்து வெளிவந்த யுனிக்ஸ் ஏழாம் பதிப்பிலே, ஸ்டீபன் போர்னின் ஷெல்லோடு, பயன்படுத்துவோர் தாமே மாற்றத்தக்க பட்டியல் நிலைபெற்றது. அம்முறையே இன்றும் வழங்குகின்றது.

'எக்கோ' என்னுங் கட்டளையை அடுத்து ஓர் இடம் விட்டு, டொலர்க் குறியையும் பாத் என்னும் பெயரையும் சேர்த்து எழுதினால் பட்டியல் திரையில் வரும். கோப்புறைகள் முக்காற்புள்ளியாற் பிரிக்கப்பட்டிருக்கும். தாம் நிறுவிய கருவி இருக்கும் கோப்புறை அதனுள் உண்டா என்று பார்த்தலே முதல் வேலை.

பெரும்பாலும் இராது. கோ மொழியின் தொகுப்பை அதன் தளத்திலிருந்து நேரே பெற்று விரிப்போர், அதன் 'பின்' கோப்புறையைத் தாமே பட்டியலிற் சேர்த்தல் வேண்டும். ரஸ்ட் மொழியின் நிறுவி தானே சேர்த்துவிடும். ஆனால் முன்னரே திறந்திருக்கும் சாளரம் பழைய பட்டியலையே வைத்துக்கொண்டிருக்கும். புதுச் சாளரம் திறத்தல் வேண்டும், அன்றேல் 'சோர்ஸ்' கட்டளையால் அமைப்புக் கோப்பை மீளப் படிப்பித்தல் வேண்டும்.

எல்லாவற்றினும் வேடிக்கையானது பைதனின் 'பிப்' செய்வது. ஒருவர் தமக்கென்று மாத்திரம் நிறுவும்போது, அது இல்லக் கோப்புறையுள் மறைந்திருக்கும் 'லோக்கல்' என்பதனுள்ளே 'பின்' என்றோர் இடத்திற் கட்டளைகளை வைக்கின்றது. உபுண்டுவின் 'புரொபைல்' கோப்பு அவ்விடத்தைப் பட்டியலிற் சேர்க்கத்தான் செய்கின்றது. ஆயின் உட்புகும் வேளையில் அக்கோப்புறை இருந்தாலன்றிச் சேர்ப்பதில்லை. முதன்முறை நிறுவும்போதுதானே அது பிறக்கின்றது! ஆதலின் அன்று காணப்படாத கட்டளை, வெளியேறி மீண்டும் உட்புகுந்ததும் தானாகவே காணப்படும். நேற்று வராதது இன்று வந்ததே என்று வியப்போர்க்கு விடை இதுவே.

சிலவிடத்துப் பெயரே மாறியிருக்கும். உபுண்டுவின் 2020 ஆம் ஆண்டுப் பதிப்பு முதல், வெறும் 'பைதன்' என்றால் அது அறியாது. மூன்று என்னும் எண்ணையும் சேர்த்தல் வேண்டும். இனி, தமக்கு இயங்கும் கட்டளை 'சூடோ' முன்வரின் காணாதொழிவதும் உண்டு. சூடோ தனக்கெனப் பாதுகாப்பான வேறொரு பட்டியலை வைத்திருப்பதே காரணம். அப்பொழுது கருவியின் முழு முகவரியையும் எழுதுக.

பட்டியலிற் சேர்க்கும் முறை எளிது. இல்லக் கோப்புறையிலுள்ள 'பாஷ்ஆர்சி' கோப்பின் இறுதியில் 'எக்ஸ்போர்ட்' என்று தொடங்கும் ஒரு வரியால், பழைய பட்டியலோடு புதிய கோப்புறையை முக்காற்புள்ளியிட்டு இணைத்தல் வேண்டும். பழையதை விட்டுப் புதியதை மாத்திரம் எழுதினாலோ, கோப்புகளைக் காட்டும் 'எல்எஸ்' கூடக் காணப்படாது. ஒற்றைப் புள்ளியைச் சேர்த்து, நிற்கும் கோப்புறையையே தேடச்செய்வாரும் உளர். அது நமக்கு உடன்பாடன்று. பலர் பழகும் கோப்புறையில் எவரேனும் 'எல்எஸ்' என்ற பெயரிற் தீய நிரலொன்றை வைத்துவிடக்கூடும்.

பழைய பட்டியலை இழந்தவர் அஞ்சவேண்டுவதில்லை. கட்டளைகள் யாவும் தத்தம் இடத்திலேயே உள்ளன. சாய்கோடு, யூஎஸ்ஆர், சாய்கோடு, பின், சாய்கோடு, நானோ என்று முழு முகவரியை எழுதினால் தொகுப்பான் திறக்கும். பிழையான அவ்வரியைத் திருத்திச் சேமித்து, புதுச் சாளரம் திறந்தாற் போதும்.