அச்சமும் பாதுகாப்பும்

இம்மலருக்கு ஆக்கங்கள் சேகரித்தபோது தோழி ஒருத்தி தன் கவிதையைத் திரும்பப் பெற்றுக்கொண்டாள். “கவிதை வேணாம் மகள், வேற ஏதாவது எழுதிக் குடுங்க” என்று உம்மா சொன்னாராம். அந்தத் தாயின் அச்சம் வீணானதல்ல.

மன்னார் மாவட்டத்தைச் சேர்ந்த ஆசிரியரும் கவிஞருமான அஹ்னாப் ஜஸீம், மாணவர்களுக்குத் தீவிரவாதம் போதித்தார், ‘நவரசம்’ என்ற தன் கவிதைத் தொகுதியிலும் அதையே எழுதினார் எனக் குற்றஞ்சாட்டப்பட்டு 2020 மே மாதம் கைதானார். வன்முறையைக் கண்டிக்கும் கவிதைகளும் அந்நூலில் இருந்தன. 2021 டிசம்பரில்தான் பிணை கிடைத்தது. 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. இழந்த நாட்களை யார் திருப்பிக் கொடுப்பது?

பாதுகாப்புத் தேவையில்லை என்று தீவகத்தார் எவரும் சொல்லமாட்டார்கள். 1985 மே 15 அன்று நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகில் பெண்கள், குழந்தைகள் உட்பட இருபதுக்கும் மேற்பட்டோர் வெட்டிக் கொல்லப்பட்டனர். 1990 ஒக்டோபர் 30 அன்று விடுதலைப் புலிகள் யாழ்ப்பாண முஸ்லிம்களை இரண்டு மணி நேர அவகாசத்தில் வெளியேற்றினர். 2019 உயிர்த்த ஞாயிறன்று 250க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். குற்றவாளிகள் தண்டிக்கப்பட வேண்டும் என்பதில் இரு கருத்தில்லை. ஆனால், அதற்கு எத்தகைய சட்டம் வேண்டும்?

1979இல் மூன்று ஆண்டுகளுக்கெனத் தற்காலிகமாக வந்த பயங்கரவாதத் தடைச் சட்டம் 1982இல் நிரந்தரமானது. அமைச்சரின் உத்தரவின் பேரில் ஒருவரை வழக்கின்றி 18 மாதங்கள்வரை தடுத்துவைக்க அது இடமளித்தது. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் அதனை 12 மாதங்களாகக் குறைத்தது. உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்திற்குக் குறையாத அதிகாரியிடம் அளித்த ஒப்புதல் வாக்குமூலமும் சாட்சியமாகும். அது அச்சுறுத்திப் பெறப்பட்டதென்றால், நிரூபிக்கும் பொறுப்பு கைதியுடையது. மூடிய அறையில் நடந்ததற்கு அவர் யாரைச் சாட்சியாக அழைப்பார்?

“தாமதித்தால் உயிர் போகும்” என்பார்கள். உண்மைதான். ஆனால் உயிர்த்த ஞாயிறுக்கு முன்பே எச்சரிக்கைகள் வந்திருந்தன. அவற்றின் மீது உரிய நடவடிக்கை எடுக்கத் தவறியதற்காக, முன்னாள் ஜனாதிபதியும் பாதுகாப்பு உயரதிகாரிகளும் நட்டஈடு செலுத்த வேண்டுமென 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அன்று குறைவாக இருந்தது சட்டத்தின் அதிகாரமல்ல, கடமையுணர்வே.

சந்தேக நபரை விரைந்து கைது செய்யட்டும். அதே விரைவில் நீதவான் முன் நிறுத்தட்டும். சட்டத்தரணியைச் சந்திக்க விடட்டும். பொலிஸிடம் அளித்த வாக்குமூலம் மட்டும் ஒருவரைக் குற்றவாளியாக்கக் கூடாது. இதனால் நாடு பலவீனமடையாது; தவறான ஆளைப் பிடித்துவைத்து உண்மைக் குற்றவாளியைத் தப்பவிடும் ஆபத்துத்தான் குறையும்.

செய்தி ஒன்று வந்தால் தீர விசாரித்தறியுமாறு கட்டளையிடுகிறது நம் மார்க்கம். அரசிடம் நாம் கேட்பதும் அதுவே. பெற்றோரிடமும் ஒரு வேண்டுகோள்: பிள்ளை எழுதியதை வாசியுங்கள், தவறிருந்தால் திருத்துங்கள், எழுதாதே என்று மட்டும் சொல்லாதீர்கள். அடுத்த மலரில் தோழியின் கவிதைக்காக ஒரு பக்கம் காத்திருக்கும்.