எரு சுமந்தாலும் முழுப்பேர்தான்

நுவரெலியாவில் பந்தயத் திடலும் குதிரைச் சவாரியும் இருப்பதால், சுற்றியுள்ள தோட்டங்களில் நமக்குக் குதிரை எரு புதிதல்ல. லயத்துக்குப் பின்னால் கரட்டும் லீக்ஸும் போடுகிற நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து லொறிக்குக் காசு கொடுத்து இறக்குகிறோம். லொறி ரோட்டோடு நின்றுவிடும். அதற்குமேல் சாக்கும் முதுகும்தான். லொறி வருகிற நாளில் வகுப்பில் பெரிய பையன்களின் இடம் காலியாக இருக்கும். அது நல்லதல்ல, பெற்றோரே. சனி ஞாயிறில் இறக்குங்கள்.

இவ்வளவு பாடுபட்டுக் கொண்டுவந்ததை அப்படியே பாத்தியில் கொட்டக் கூடாது. குதிரை அசைபோடாத பிராணி. களை விதைகள் பல உயிரோடு வெளியே வரும். பச்சை எரு நாற்றின் வேரையும் சுட்டுவிடும். இடுப்பளவு உயரத்துக்குக் குவித்தால் உள்ளே சூடு 55 பாகைக்கு மேல் ஏறும். விதையையும் புழு முட்டையையும் கொல்வது அந்தச் சூடுதான். சின்னக் குவியல் நம் குளிரில் சூடேறாது. ஓரத்தில் கிடப்பது நடுவே போகும்படி புரட்ட வேண்டும். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் கை நனைய வேண்டும், தண்ணீர் ஒழுகக் கூடாது. மேலே படங்கு போடாவிட்டால் சத்து மழையோடு கானில் போய்விடும். மரத்தூள் கலந்த எரு என்றால் இன்னும் பொறுக்க வேண்டும். சூடு தணிந்து மண் வாசம் வந்த பிறகே பாத்திக்குப் போகலாம்.

ஆக, கூட்டெரு என்பது மாதக்கணக்கான வேலை. 2021 மே மாதம் அரசாங்கம் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்தியபோது இதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. நவம்பரில் தடையை நீக்கினார்கள். அதே ஆண்டு மார்ச்சில்தான் 1,000 ரூபா நாட்சம்பளம் வர்த்தமானியில் வந்திருந்தது. பசளை இல்லாத மலையில் கொழுந்து எங்கிருந்து வரும்? ஆனாலும் நிறை குறைந்தால் அரைப்பேர் என்றார்கள்.

சேதனப் பசளைக்கு நாம் எதிரியல்ல. நிர்வாகம் தேயிலைக்குக் கூட்டெரு செய்யச் சொன்னால் செய்வோம். ஆனால் எரு சுமப்பதும் புரட்டுவதும் முழுப்பேர் வேலை. அதற்குக் கிலோக் கணக்கு பேசக் கூடாது. கையுறையும் இறப்பர் சப்பாத்தும் நிர்வாகமே தர வேண்டும். குதிரை எருவில் ஏற்புவலிக் கிருமி இருக்கும். தேயிலை வாது கீறிய கையோடு அதை அள்ளுகிறவர்கள் நம் பெண்கள். ஏற்புவலித் தடுப்பூசி போட்டிருக்கிறார்களா என்று தோட்ட வைத்தியசாலையில் பார்க்கச் சொல்ல வேண்டும்.

இன்னொன்று. வருடக்கணக்காக எரு போட்டு நாம் திருத்திய லயத்து மண்ணுக்கு நம் கையில் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. துரை மாறினால் பாத்தியும் போகலாம். அதனால்தான் பலர் எருவுக்குச் செலவழிக்கத் தயங்குகிறார்கள். அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் பேர், கையுறை இரண்டோடு இந்த நிலத்தையும் சேர்த்தே பேசுவோம். யார் எவ்வளவு பாத்தி வைத்திருக்கிறீர்கள் என்று எழுதி உங்கள் தலைவரிடமோ தலைவியிடமோ கொடுத்துவிடுங்கள்.