செரித்த சொல்லும் செரியாத சொல்லும்

மொழிக்காகக் கண்ணீர் வடிப்போர் நம்மிடையே பலர் உளர். அந்தக் கண்ணீர் விழவேண்டிய இடத்தில்தான் விழுகிறதா என்பதே என் கேள்வி.

அண்மையில் நண்பர் ஒருவரின் இல்லம் சென்றிருந்தேன். இடைநிலைப்பள்ளியில் நெடுங்காலமாகத் தமிழ் போதிப்பவர்; தமிழ் என்றால் உயிரையும் கொடுப்பவர். அன்று அவர் முகம் கறுத்திருந்தது.

"தமிழ்மொழிக் கழக விழாவில் என் மாணவர்கள் எந்தப் பாட்டுக்கு ஆட அனுமதி கேட்கிறார்கள், தெரியுமா? கொரியப் பெண் ஒருத்தியும் அமெரிக்கர் ஒருவரும் சேர்ந்து கூத்தடிக்கும் பாட்டுக்கு! இனித் தமிழ் எப்படி ஐயா பிழைக்கும்?" என்று பொருமினார்.

அவர் குறிப்பிட்டது, ரோசேயும் புரூனோ மார்சும் இணைந்து பாடி 2024 அக்டோபர் 18-இல் வெளிவந்த 'ஏ.பி.டி.' என்னும் ஆடற்பாடல். உலகெங்கும் பரவிய அப்பாடல், 2025-இல் எம்.டி.வி. விருது விழாவில் ஆண்டின் சிறந்த பாடல் என்னும் விருதையும் பெற்றது. கொரிய இளைஞர் மதுக்கூடங்களில் ஆடும் விளையாட்டு ஒன்றே அதற்கு அடிப்படை. கைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவர். ஒருவர் மாடி எண் ஒன்றைச் சொல்வார். அடியிலுள்ள கை ஒவ்வொன்றாக மேலேற எண்ணிக்கொண்டே போவர். அந்த எண் யார் கையில் வந்து நிற்கிறதோ, அவர் குடிக்க வேண்டும்.

நண்பர் குற்றங்களை அடுக்கினார். குடி விளையாட்டைப் பள்ளி மேடையில் ஏற்றலாமா என்றார். ஏற்றலாகாது, அதில் அவருக்கும் எனக்கும் கருத்து வேற்றுமை இல்லை. ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பக் கத்துவது பாட்டாகுமா என்றார். சடுகுடு ஆடுபவன் மூச்சு விடாமல் ஒரே சொல்லைப் பாடவில்லையா? தாலாட்டும் கும்மியும் சொன்னதையே சொல்லிச் சுவை கூட்டவில்லையா? விளையாட்டுப் பாட்டின் இயல்பு அது. இறுதியாக, "இதில் தமிழ் மாணவன் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது?" என்றார். அங்கேதான் நான் அவரோடு மாறுபட்டேன். தமிழ் மாணவனைவிடத் தமிழாசிரியர் கற்றுக்கொள்ள வேண்டியது அதில் உண்டு.

தலைப்பிலுள்ள மூன்று எழுத்துகளும் அடுக்குமாடி வீட்டைக் குறிக்கும் 'அபார்ட்மெண்ட்' என்னும் ஆங்கிலச் சொல்லின் சுருக்கம். ஆனால் பாடலில் ஒலிப்பது ஆங்கிலச் சொல்லன்று. கொரிய மக்கள் அச்சொல்லின் வாலை அறுத்து, தம் நாவுக்கு இசைய வனைந்துகொண்ட 'அப்பாத்து' என்னும் வடிவமே ஒலிக்கிறது. அதன் ஈற்றைக் கூர்ந்து கேளுங்கள். வல்லின மெய்யில் நிற்கவேண்டிய சொல், இதழ் குவியாத ஓர் உகரத்தைத் துணைக்கழைத்து முடிகிறது. நம் குற்றியலுகரத்தின் ஒலிக்கு மிக நெருங்கிய ஒலி அது. கொரிய எழுத்தில் அதற்கெனத் தனி உயிரெழுத்தே உண்டு. வல்லின மெய்யில் தமிழ்ச்சொல் முடியாது என்னும் நம் இலக்கண விதியை, ஒரு கொரியச் சொல் உலக மேடையில் நின்று நினைவூட்டுகிறது!

அதைப் பாடும் ரோசே, நியூசிலாந்தில் பிறந்து ஆஸ்திரேலியாவில் வளர்ந்தவர். புலம்பெயர்ந்த பெற்றோரின் பிள்ளை. நம் பிள்ளைகளைப் போன்றவர். ஆங்கிலம் அவருக்குத் தெரியாததன்று. ஆயினும், தம் மக்கள் சிதைத்துச் சொல்லும் ஆங்கிலச் சொல்லை அவர் திருத்தவில்லை, அதற்காக நாணவுமில்லை. அமெரிக்கப் பாடகரையும் அப்படியே சொல்லவைத்தார். 1910 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சியில் கிடந்து, அதன் இறுதி ஆண்டுகளில் பள்ளிகளிலிருந்தே விரட்டப்பட்ட மொழி அது என்பதையும் இங்கே எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இவ்வாறு நான் பேசிக்கொண்டிருக்கையில், நண்பர் திருத்தி வைத்திருந்த கட்டுரைப் புத்தகம் ஒன்று என் கண்ணில் பட்டது. மாணவி ஒருத்தி தன் பாட்டியைப் பற்றி எழுதியிருந்தாள். விடியுமுன் பாட்டி லயத்து வீட்டிலிருந்து பெரட்டுக்குப் போனதைச் சொல்லியிருந்தாள். 'பெரட்டு' என்னும் சொல்லைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம்! பக்கத்தில், 'கொச்சை, அணிவகுப்பு என எழுதுக' என்னும் திருத்தம்!

என் நெஞ்சு சுட்டது. 'பெரட்டு' என்பது 'பரேட்' என்னும் ஆங்கிலச் சொல்லிலிருந்து பிறந்தது, உண்மை. 'லயம்' என்பது 'லைன்' என்பதன் திரிபு, அதுவும் உண்மை. ஆனால் அவற்றைத் திரித்தவர் யாவர்? எழுதப் படிக்க வாய்ப்பற்ற தோட்டப் பாட்டாளிகள். ஆங்கிலச் சொல்லை அவர்கள் தமிழ் நாவில் இட்டு அரைத்து, வன்றொடர்க் குற்றியலுகரமாக்கி, 'பெரட்டு' என்றனர். வடசொல் தமிழில் வரின் வடவெழுத்தை நீக்கி வருதல் வேண்டும் எனத் தொல்காப்பியர் எச்சவியலில் வகுத்த நெறியை, அவர் பெயரையே கேட்டிராத அவர்கள் ஆங்கிலச் சொல்லிலும் நிறைவேற்றினர். இருட்டில் நின்று, பெயர் கூப்பிடக் கேட்டு, எந்த நிரையில் யார் பால்மரம் சீவுவது என்று அறிந்து கலைந்த அந்த விடியற்காலையை 'அணிவகுப்பு' என்னும் சொல் தருமா? அது தரும் காட்சி வேறு. சீருடையும் கொடியும் முரசும் அன்றோ நினைவுக்கு வரும்?

நண்பர் விடவில்லை. "அப்படியானால் ஆங்கிலச் சொற்களை எல்லாம் வாரிக் கொட்டிக்கொள்ளலாமா?" என்று மடக்கினார்.

கூடாது. தமிழில் உயிரோடு உலவும் சொல் இருக்கையில் பிறசொல் தேடுவது மடமை. 'கணினி' வழக்கில் வேரூன்றிவிட்டது. அதை விட்டுவிட்டுக் 'கம்ப்யூட்டர்' என்பானேன்? செரித்த உணவு உடம்பாகும். செரியாத உணவு நோயாகும். 'பெரட்டு' செரித்த சொல். இன்றைய மேடைகளிலும் வானொலியிலும் முழுத் தொடராக ஆங்கிலேயன் உச்சரிப்போடு வந்து விழுகின்றனவே, அவை செரியாதவை. விந்தை என்னவெனில், முன்னதைக் கொச்சை என்று வெட்டுகிறோம். பின்னதை நாகரிகம் என்று கைதட்டி வரவேற்கிறோம். 'டிக்கெட்டு' என்னும் கிழவியைக் கண்டு நகைப்பவர்கள், தம் வாயில் தமிழே இல்லாமைக்கு நாணுவதில்லை!

நம் மொழியிலும் சான்று இல்லாமல் இல்லை. 2021-இல் தீயும் அறிவும் பாடிய 'என்ஜாய் எஞ்சாமி'க்கு உலகம் ஆடியது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தம் பாட்டியின் வாழ்வையே அறிவு அதில் பாடினார். 'என் சாமி' என்பது 'எஞ்சாமி' ஆனது பாட்டியின் வாயில். நம் சிவப்பு மை முதலில் அச்சொல்லைத்தான் வட்டமிட்டிருக்கும்.

நண்பர் சற்று நேரம் பேசவில்லை. பின்னர், "ஆட்டத்திற்கு மட்டும் அனுமதி தரமாட்டேன்" என்றார். தரவேண்டா, அது அவர் உரிமை. நான் வேண்டுவது வேறு.

தமிழாசிரியப் பெருமக்களே! மாணவர் வாயில் 'அப்பாத்து' ஒலிக்குமாயின், அதைக்கொண்டே குற்றியலுகரம் கற்பியுங்கள். ஒரு நாழிகையில் விளங்கிவிடும். மாணவச் செல்வங்களே! உங்கள் பாட்டன் பாட்டியரிடம் செல்லுங்கள். பெரட்டு, லயம், கிராணி, நிரை என அவர்கள் சொல்லும் சொற்களை எல்லாம் ஏட்டில் எழுதிக்கொள்ளுங்கள். ரப்பர்த் தோட்டங்கள் பல துண்டாடப்பட்டுவிட்டன; லயங்கள் இடிந்துவிட்டன; அச்சொற்கள் இன்று சில முதியோர் நாவில் மட்டுமே குடியிருக்கின்றன. அந்த நா ஓய்ந்துவிட்டால் எந்த அகராதியிடம் போய்க் கேட்போம்?

கொரியப் பாட்டினால் தமிழ் சாகாது. தன் பாட்டியின் சொல்லுக்கு நாணும் பேரனாலும், அந்நாணத்தைச் சிவப்பு மையால் ஊட்டும் ஆசிரியராலும்தான் அதற்குக் கேடு வரும்.