அந்த நாற்காலியில் அமரப்போவது யார்?

மேஸ்திரி போய்விட்டார், அவர் இடுப்பில் தொங்கிய சாவிக்கொத்து மட்டும் போகவில்லை. அது இன்று எச்.ஆர். அலுவலரின் மேசைமீது இருக்கிறது!

தோழர்களே, அந்த அறையை நீங்கள் அறிவீர்கள். கண்ணாடிக் கதவு, குளிர்ந்த காற்று, மேசைமீது ஒரு கணிப்பொறி. விடுப்பு வேண்டுமா? அங்கே போ. சம்பளச் சீட்டில் கணக்கு இடிக்கிறதா? அங்கே போ. விளக்கம் கேட்டுக் கடிதம் வந்ததா? அதுவும் அங்கிருந்து புறப்பட்டதுதான். ஆளைச் சேர்ப்பதும் அங்கே, அனுப்புவதும் அங்கே! பெரிய நிறுவனங்களில் இவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஆள் உண்டு. நடுத்தர ஆலைகளிலோ அத்தனையும் ஒருவர் தலையில். அவரைத்தான் ‘ஜெனரலிஸ்ட்’ என்று அழைக்கிறார்கள். எல்லா வேலைக்கும் உரியவர் என்று பொருள்.

அந்த வேலைக்கு நம் வீட்டுப் பிள்ளைகள் போகலாமா? பட்டம் பெற்ற மகள், “அப்பா, எச்.ஆர். படிக்கப் போகிறேன்” என்றால், முப்பதாண்டு இயந்திரத்தோடு இயந்திரமாய் உழைத்த தந்தை முகம் சுளிக்கிறார். “முதலாளிக்குக் கைத்தடியாகவா போகிறாய்?” என்கிறார். அவர் கோபத்தைக் குறை கூறமாட்டோம், பட்டவர் அவர். ஆனாலும் நாம் கூறுகிறோம்: அந்தப் பெண் போகட்டும், போகத்தான் வேண்டும்! ஏன்? இந்தப் பதவி எப்படிப் பிறந்தது என்பதை எண்ணிப் பாருங்கள்.

அந்நாளில் ஆலைக்குள் நுழைய மேஸ்திரிக்குக் காணிக்கை. நோயில் படுத்து எழுந்து வந்தால், மீண்டும் சேர மறுபடியும் காணிக்கை. கேட்க நாதியில்லை. 1918-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றி, ஆலைத் தொழிலாளிக்கும் வாய் உண்டு என்று நாட்டுக்குக் காட்டிற்று. அதன் பிறகுதான் ஆட்சியாளரின் உறக்கம் கலைந்தது. 1929-ல் விட்லி என்பவரைத் தலைவராகக் கொண்டு தொழிலாளர் பற்றிய அரசக் கமிஷன் அமைந்தது. 1931-ல் அறிக்கை வந்தது. ஆளெடுக்கும் அதிகாரத்தை மேஸ்திரியிடமிருந்து பறித்து, அதற்கென ஓர் அலுவலரை அமர்த்துங்கள் என்று அது கூறிற்று. 1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், 500 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலையில் தொழிலாளர் நல அலுவலர் இருந்தே தீரவேண்டும் என்றது. அந்த அலுவலரையே முதலாளி விரட்டிவிட்டால்? அதற்கும் காப்பு இருந்தது. பஞ்சாப் மாநிலத்தில் 1952-ல் வகுத்த விதிகளின்படி, நீக்கப்பட்ட நல அலுவலர் மாநில அரசிடமே முறையிடலாம்.

ஆக, இந்த நாற்காலியை முதலாளி தன் வசதிக்காக வாங்கிப் போட்டதாக எண்ணாதீர். தொழிலாளியின் கண்ணீரும் கிளர்ச்சியும் சேர்ந்து செய்த நாற்காலி இது! காலப்போக்கில் பெயர் மாறிற்று. நல அலுவலர் பர்சனல் ஆபீசர் ஆனார். பர்சனல் ஆபீசர் எச்.ஆர். ஆனார். பெயர் மாறியபோது நலம் என்ற சொல் நழுவிவிட்டது. மனிதன் ‘வளம்’ ஆகிவிட்டான் — நிலக்கரியைப்போல, இரும்பைப்போல! நாற்காலிக்கு இருந்த காப்பும் நழுவிற்று. எச்.ஆர். என்ற பெயரில் அமர்ந்திருப்பவருக்கு, நல அலுவலருக்கு இருந்ததுபோன்ற சட்டக் கவசம் இல்லை.

இன்று இதைப் பேசுவானேன் என்று கேட்பீர்கள். காரணம் உண்டு. 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துள்ளன. அவற்றில் நல்லதும் உண்டு, மறைக்கமாட்டோம். நல அலுவலர் வேண்டும் என்பதற்கான எண்ணிக்கை 500-லிருந்து 250-ஆகக் குறைந்திருக்கிறது. மறுபக்கம் பாருங்கள். 1946-ம் ஆண்டுச் சட்டப்படி 100 பேர் வேலை செய்யும் ஆலையில் நிலையாணைகள் இருக்கவேண்டும் என்றிருந்தது. எது குற்றம், எது தண்டனை, விசாரணை எப்படி என்று எழுதி, அரசு அதிகாரியின் சான்று பெற்ற விதிகள் அவை. இப்போது அந்த எண்ணிக்கை 300! 120 பேர், 200 பேர், 280 பேர் வேலை செய்யும் ஆலைகளின் நிலை என்ன? அங்கே விதி என்பது நிர்வாகம் எழுதிக்கொள்வது. அதை எழுதும் பேனா எச்.ஆர். அலுவலரின் கையில். வழக்குமன்றம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, வாய்தாவும் இருக்கிறது, வழிச்செலவும் இருக்கிறது, அதுவரை அடுப்பெரிய வேண்டிய கவலையும் இருக்கிறது!

அந்தப் பேனா என்ன செய்யும் என்பதற்கு ஒரு கணக்கு. மாதம் 20,000 ரூபாய் பெறும் தொழிலாளி. சீட்டில் அடிப்படைச் சம்பளம் 6,000. மீதி 14,000 வீட்டு வாடகைப்படி, பயணப்படி என்று பிரித்திருக்கிறது. புதிய சட்டமோ, விலக்கத்தக்க படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய தொகையும் ஊதியமே என்கிறது. ஆகவே ஊதியம் 6,000 அல்ல, 10,000. பத்தாண்டு வேலை செய்து விலகும்போது, ஆண்டுக்குப் பதினைந்து நாள் ஊதியம் என்ற முறையில் பணிக்கொடை போட்டால், 6,000-க்கு 34,615 ரூபாய். 10,000-க்கு 57,692 ரூபாய். இடையே 23,077 ரூபாய்! சட்டம் தெரிந்த அலுவலர் ஒரு கட்டத்தைச் சரியாக நிரப்பினால் ஒரு குடும்பத்துக்கு இவ்வளவு. தெரியாதவர் இருந்தால்? தெரிந்தும் வாய்மூடி இருந்தால்?

அதனால்தான் கேட்கிறோம், அந்த நாற்காலியில் அமரப்போவது யார்? ஷிப்டு என்றால் என்னவென்று ஏட்டில் மட்டும் படித்தவரா? இரவு ஷிப்டு முடிந்து வந்த தந்தைக்குக் கதவு திறந்துவிட்ட பிள்ளையா?

இளைஞரே, இளநங்கையரே, அங்கே செல்ல வழி உண்டு. சமூகப்பணிப் படிப்பு இருக்கிறது. சென்னையில் 1952 முதலே அதற்கெனக் கல்லூரி இருக்கிறது. தொழிலாளர் மேலாண்மைப் படிப்புகளும் உண்டு. ஆனால் பட்டம் வாயிலைத்தான் திறக்கும். உள்ளே நிலைக்க வைப்பது வேறு.

முதலாவதாக, பதிவேட்டைப் படியுங்கள். வருகைப் பதிவும் சம்பளப் பதிவும் வைப்புநிதிக் கணக்கும் ஈ.எஸ்.ஐ. கணக்கும் இளநிலை எழுத்தர் வேலை என்று ஒதுக்காதீர்கள். அங்கே தேர்ந்தவரை ஏய்க்க எவராலும் ஆகாது. இரண்டாவது, சட்டத்தைச் சட்டப் புத்தகத்திலேயே படியுங்கள். சுருக்கக் குறிப்பில் அல்ல. 20 பேர் இருந்தால் குறைதீர்க்கும் குழு வேண்டும். 10 பேர் இருந்தாலே, 2013-ம் ஆண்டுச் சட்டப்படி, பெண்களின் புகாரைக் கேட்கப் பெண்ணொருவர் தலைமையில் குழு வேண்டும். அந்தக் குழுவின் பெயர்ப் பட்டியல் பெண்கள் கண்ணில் படும்படி ஒட்டப்பட்டிருக்கிறதா, அலமாரியில் உறங்குகிறதா என்று பாருங்கள், அந்த எச்.ஆர். அலுவலரின் தரம் விளங்கிவிடும். மூன்றாவது, நாள்தோறும் ஆலைக்குள் நடங்கள். குளிர் அறையில் இருந்துகொண்டு சூட்டை அளக்க முடியாது. நான்காவது, தொழிலாளிக்கு விளங்கும் தமிழில் எழுதுங்கள். விளங்காத மொழியில் விளக்கம் கேட்பது விசாரணை ஆகாது, மிரட்டலாகும்! ஐந்தாவது, கணிப்பொறியைக் கற்றுக்கொள்ளுங்கள். தீர்ப்பை மட்டும் அதனிடம் விடாதீர்கள். நான்கு நாள் வரவில்லை என்று அது சொல்லும். தாய் இறந்ததால் வரவில்லை என்று அதற்குத் தெரியாது.

அங்கே போய்ச் சங்கத்துக்கு ஒற்றராக இருங்கள் என்று நாம் கூறவில்லை. நிர்வாகத்திடம் சம்பளம் வாங்குபவர், நிர்வாகத்தின் வேலையை நேர்மையாகச் செய்யட்டும். “ஐயா, இது சட்டப்படி செல்லாது” என்று நிர்வாகத்தின் முகத்துக்கு நேரே கூறும் துணிவும் அந்த வேலையில் அடங்கியதுதான். அப்படிக் கூறியவர் சிலர் வேலை இழந்ததுண்டு. ஆனால் அந்தச் சொல்லால் வழக்கும் நட்டமும் தவிர்த்த நிர்வாகம், அடுத்த முறை அவரை முதலில் அழைத்துக் கேட்பதும் உண்டு. பணியில் உயர்வு என்பது இந்த நம்பிக்கையில்தான் வளர்கிறது.

சங்கத் தோழர்களுக்கும் ஒரு சொல். படிப்பகங்களில் மாதம் ஒரு மாலை, சம்பளச் சீட்டைப் படிக்க வகுப்பு நடத்துங்கள். உங்கள் பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். எந்த அறையின் கதவை நாம் வெளியே நின்று தட்டிக்கொண்டே இருந்தோமோ, அந்த அறைக்குள் நம் பிள்ளை அமரட்டும். அமர்ந்தபின் கதவைத் திறந்தே வைக்கட்டும்!